அம்மாவுக்குக் கரண்ட்டும் (கதிர்வீச்சு) கீமோவும் ஒரே நேரத்தில் என்கிறார்கள், தாங்குவாரா?

மாந்தோப்பு (காவேரிப்பட்டினம்)

வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. கருப்பை வாய்ப் புற்று, 2பி நிலை என்று பயாப்சி, எம்ஆர்ஐ எல்லாம் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். வெளியிலிருந்து கதிர்வீச்சு 25 முறை, திங்கள் முதல் வெள்ளி வரை. அதோடு வாரம் ஒரு நாள் சிஸ்பிளாட்டின் கீமோ. கடைசியில் உள்ளே வைக்கிற கதிர். இதுதான் திட்டமாம்.

வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு. பெரியப்பா, "ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது, எதுக்கு இழுக்கிறார்கள்" என்கிறார். சித்தி, "ஒன்றையே தாங்கமாட்டாள். முதலில் கீமோ போடட்டும், உடம்பு தேறின பிறகு கரண்ட் வைக்கலாம் என்று கேளு" என்கிறார். அம்மாவின் எடை 44 கிலோ, ஹீமோகுளோபின் 9. அவர் பயப்படுவதை விட நான்தான் அதிகம் பயப்படுகிறேன்.

இன்னொன்று. எங்களுக்குச் சேலமும் பெங்களூரும் ஏறக்குறைய ஒரே தூரம், 100 கிலோமீட்டர். தினம் போய்வர முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரிசல்துறை (பென்னாகரம்)

தம்பி, அவசரப்படாதே. எங்கள் பக்கத்தில் ஒரு அம்மாவுக்கு இரண்டையும் சேர்த்து வைத்து ஆள் பாதியாகிவிட்டார். ஒரு மண்டலம் மூலிகை கொடுத்து உடம்பைத் தேற்றிக்கொண்டு அப்புறம் போகலாம். ஓடியா போகப்போகிறது ஆஸ்பத்திரி?

அரூர்க்காரி

ஆஸ்பத்திரி ஓடாது, கட்டி ஓடும். அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு மண்டலம் என்பது 48 நாள். அவ்வளவு நாளில் 2பி என்பது 3பி ஆகலாம், சிறுநீர்க்குழாயை அழுத்தி கிட்னி வீங்கலாம். அப்புறம் இதே சிஸ்பிளாட்டினைப் போட முடியாது என்பார்கள். எனக்கு இதே வைத்தியம் நடந்து சில வருடங்கள் ஆகிறது. நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுதுகிறேன்.

கதிர்ப்பிரிவு (பர்கூர், வேலை பெங்களூரில்)

நான் டாக்டர் இல்லை, கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்கும் டெக்னாலஜிஸ்ட். தினமும் பார்க்கிற விஷயம் என்பதால் எழுதுகிறேன். உங்கள் அம்மாவுக்கு எது என்பதை அவருடைய ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் பெரியப்பாவின் கேள்வி. 2பி என்றால் கட்டி கருப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் இறங்கிவிட்டது, இடுப்பெலும்புச் சுவரை இன்னும் தொடவில்லை. இந்த நிலையில் கத்தி வைத்தால் ஓரத்தில் மிச்சம் நிற்க வாய்ப்பு அதிகம். மிச்சம் நின்றால் எப்படியும் கதிர்வீச்சு வேண்டும். அப்போது இரண்டின் பாதிப்பையும் ஒரே இடுப்பு சுமக்கும். மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். 1பி2 நிலை முதல் 2பி நிலை வரை இருந்த அறுநூற்றுச் சொச்சம் பெண்களில் பாதிப் பேருக்கு முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன். மீதிப் பேருக்குக் கீமோவும் கதிரும் ஒன்றாக. 5 ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஆபரேஷன் பக்கம் 69.3 சதவீதம், சேர்த்துக் கொடுத்த பக்கம் 76.7 சதவீதம். 2018இல் வெளியானது. உயிரோடு இருந்தவர்கள் எண்ணிக்கையில் இரு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதனால் "எடுத்துவிட்டால் முடிந்தது" என்ற கணக்கு இந்த நிலையில் செல்லாது.

அடுத்து, ஏன் ஒரே நேரத்தில்? இதைத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இரண்டு முழு வைத்தியத்தை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். இங்கே வைத்தியம் கதிர்வீச்சுதான். கீமோ அதற்குத் துணை ஆள்.

கதிர் பட்டால் செல்லுக்குள் டிஎன்ஏ இழை அறுபடும். ஒரு பக்க இழை மட்டும் அறுந்தால் செல் சுலபமாக ஒட்டவைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் அறுந்தால் கஷ்டம். நல்ல செல் பழுதுபார்ப்பதில் கெட்டிக்காரன், புற்றுச் செல் அரைகுறை. தினம் 1.8 அல்லது 2 கிரே (கதிரை அளக்கும் அலகு) என்று சிறு சிறு அளவாகப் பிரித்துக் கொடுப்பது இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளத்தான். சிஸ்பிளாட்டினில் இருக்கிற பிளாட்டினம் டிஎன்ஏயில் போய் ஒட்டிக்கொண்டு இழைக்குள் முடிச்சுப் போடும். கதிர் அறுத்ததை ஒட்டவைக்க வருகிற ஏற்பாடு அந்த முடிச்சில் தடுமாறும். அன்றைக்கு விழுந்த அடி அடியாகவே நிற்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். ஒரு மாதம் கழித்து வருகிற துணை ஆளால் என்ன பயன்?

அளவையும் பாருங்கள். வாரம் ஒரு முறை, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 40 மி.கி., எவ்வளவு பெரிய உடம்பாக இருந்தாலும் வழக்கமாக 70 மி.கி.யைத் தாண்டாது. முழுக் கீமோவாகக் கொடுக்கும்போது வருகிற அளவு இதை விட அதிகம். முடி மொத்தமாகக் கொட்டுவதெல்லாம் இந்த வாரக் கணக்கில் பெரும்பாலும் நடக்காது. வாந்தி, சோர்வு, ரத்த அணு குறைவது, கிட்னி, இவைதான் கவலைப்பட வேண்டியவை.

ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு வழியில் கைகொடுக்கும். 5-எஃப்யூ, டிஎன்ஏயைப் படியெடுத்துக்கொண்டிருக்கும் செல்லைப் பிடிக்கும். அந்தக் கட்டத்தில்தான் செல் கதிருக்கு அதிகம் அசையாது. பாக்ளிடாக்சல், டோசிடாக்சல் வகை செல்லைப் பிளவுபடும் கட்டத்தில் நிறுத்தி வைக்கும், அங்கே கதிர் சுலபமாக வேலை செய்யும். மைட்டோமைசின் ஆக்சிஜன் எட்டாத செல்களைப் பிடிக்கும். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். அம்மாவின் ஹீமோகுளோபின் 9 என்கிறீர்களே, அதை ஏற்றாமல் ஆரம்பிக்கமாட்டார்கள். பல இடங்களில் 10க்கு மேல் வைத்திருக்கப் பார்ப்பார்கள். ரத்தம் ஏற்றுவார்கள். "ரத்தம் ஊற ஊசி இருக்கிறதாமே" என்று யாராவது எரித்ரோபொய்ட்டினைக் காட்டினால் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். தலை, கழுத்துப் புற்றில் அதைக் கதிர்வீச்சோடு கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வில் (2003) ஹீமோகுளோபின் ஏறியது, நோய்க் கட்டுப்பாடு மோசமானது.

எண்கணக்கு (தருமபுரி)

நான் கணக்கு வாத்தியார். மருத்துவம் தெரியாது, சதவீதம் தெரியும். கீமோவைச் சேர்ப்பதால் எத்தனை பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள்? இதை யாரும் நேராகச் சொல்வதில்லை. "நல்ல பலன்" என்று மழுப்புகிறார்கள்.

கதிர்ப்பிரிவு

சார், நல்ல கேள்வி. 1999 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நாடு முழுக்க டாக்டர்களுக்கு அவசர அறிவிப்பு அனுப்பியது. கருப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது சிஸ்பிளாட்டின் சார்ந்த கீமோவையும் சேர்ப்பதைக் கட்டாயம் யோசியுங்கள் என்று. அப்போது கையில் 5 ஆய்வுகள் இருந்தன. இறப்பு அபாயம் 30 முதல் 50 சதவீதம் குறைகிறது என்று சொன்னார்கள். காதில் விழும்போது பெரிதாகத் தெரியும். பிறகு 2008இல் பல நாட்டு ஆய்வுகளின் நோயாளிக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது, 5 ஆண்டு உயிர்பிழைப்பு 60 சதவீதத்திலிருந்து 66 ஆனது.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. டாடா மெமோரியலில் 3பி நிலையில் இருந்த 850 பெண்கள். வெறும் கதிர் பெற்றவர்களில் 5 ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 46 சதவீதம், சிஸ்பிளாட்டினும் சேர்த்தவர்களில் 54 சதவீதம்.

எண்கணக்கு

ஆக 100 பேரில் 8 பேர். 12, 13 பேருக்குக் கொடுத்தால் ஒருவர் கூடுதலாகப் பிழைக்கிறார். மீதி எல்லோரும் வாந்தியும் கிட்னிப் பயமும் சும்மா அனுபவிக்கிறார்கள். 46 பேர் கீமோ இல்லாமலே பிழைத்திருக்கிறார்களே! அதைச் சொல்லுங்கள் முதலில்.

கதிர்ப்பிரிவு

சொல்கிறேன். பெரும் பகுதி வேலையைச் செய்வது கதிர்தான். கிட்னி இடம் கொடுக்காததால் கீமோ போட முடியாத பெண்களும் கதிர் மட்டும் வைத்துக்கொண்டு குணமாகிறார்கள். "கீமோ கிடையாதாம், கைவிட்டுவிட்டார்கள்" என்று அவர்கள் அழ வேண்டியதில்லை. ஆனால் அந்த 8 பேர் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் அவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம் சார். தெரியாது. 58 வயது, கிட்னி நன்றாக இருக்கிறது என்றால் நான் என் வீட்டு ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

அரூர்க்காரி

கணக்கு சார், அந்த 8 பேரில் நான் ஒருத்தியா, 46இல் ஒருத்தியா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

மாந்தோப்பு தம்பி, டாக்டர் சொல்ல மறக்கிறதை, சொல்ல நேரமில்லாததை நான் சொல்கிறேன்.

கீமோ நாளில் காலையிலிருந்தே குளுக்கோஸ், உப்பு பாட்டில் ஏறிக்கொண்டிருக்கும். எரிச்சல்படக் கூடாது, கிட்னியைக் கழுவிவிடத்தான் அது. வீட்டுக்கு வந்த பிறகும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இடுப்பு வலி, மூட்டு வலி என்று மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடவே கூடாது. சிஸ்பிளாட்டினும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் கிட்னி போய்விடும் என்று நர்ஸ் அக்கா கண்டிப்பாகச் சொன்னார். வலிக்கு என்ன வேண்டும் என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடலாம் என்று வைத்திருக்காதீர்கள். வருவதற்கு முன்னாலேயே, எழுதியிருக்கும் நேரத்துக்குப் போட வேண்டும்.

கதிர் வைக்கும்போது தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கி வைத்துக்கொண்டு படுக்கச் சொல்வார்கள். பை நிறைந்திருந்தால் குடல் மேலே தள்ளப்பட்டுக் கதிரிலிருந்து விலகும். நம் அம்மாக்கள் கூச்சத்தில் சொல்லாமல் போய்விட்டு வந்து படுத்துக்கொள்வார்கள். சொல்லச் சொல்லுங்கள், மறுபடி குடித்துக் காத்திருந்தால் போதும்.

பாதியில் பேதி ஆரம்பிக்கும். களி சாப்பிட்டு வளர்ந்த உடம்புதான், ஆனால் அந்த வாரங்களில் களியும் கீரையும் ஆகாது, நார் அதிகம். அரிசிக் கஞ்சி, மோர், முட்டை, இட்லி. வெட்கத்தை விட்டு இன்னொன்றும் எழுதுகிறேன். வைத்தியம் முடிந்த பிறகு பிறப்புறுப்பு சுருங்கி ஒட்டிக்கொள்ளும். டைலேட்டர் என்று வழியை விரித்து வைக்கிற குழல் ஒன்று தருவார்கள், பயன்படுத்தச் சொல்லிக்கொடுப்பார்கள். அது கணவன் மனைவி விஷயத்துக்கு மட்டும் இல்லை. பின்னால் டாக்டர் உள்ளே பரிசோதித்துப் பார்க்க முடிய வேண்டும். அம்மாவிடம் நீ பேச முடியாது, அக்காவோ அண்ணியோ இருந்தால் அவர்களைப் பேசச் சொல்.

ஓசூர் ஷிப்ட் (ஓசூர்)

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அப்பாவுக்குத் தொண்டைப் புற்று, வயது 64. கதிர் 35, மொத்தம் 70 கிரே. அவருக்குச் சிஸ்பிளாட்டின் வாரா வாரம் இல்லை, 3 வாரத்துக்கு ஒரு முறை 100 மி.கி. கணக்கில் கொடுக்கிறார்கள். முதல் டோஸிலேயே காதில் கொய்யென்று சத்தம். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வாரம் 40. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால் "புரோட்டோகால்" என்று ஒரு சொல்லோடு போய்விட்டார்கள். எது சரி?

கதிர்ப்பிரிவு

இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது, அதனால்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. டாடா மெமோரியலில் 300 பேரிடம் வாரம் 30 மி.கி.யையும் 3 வாரத்துக்கு 100 மி.கி.யையும் ஒப்பிட்டார்கள். 2 ஆண்டில் கட்டி இருந்த பகுதியில் நோய் கட்டுக்குள் இருந்தது வாரக் கணக்கில் 58.5 சதவீதம், 3 வாரக் கணக்கில் 73.1 சதவீதம். 100 தான் ஜெயித்தது, ஆனால் பக்க விளைவும் அதில்தான் அதிகம். பிறகு ஜப்பானில் ஆபரேஷன் முடிந்த நோயாளிகளிடம் வாரம் 40 கொடுத்துப் பார்த்தார்கள், 2022இல் வெளியானது. அது 100க்குக் குறைந்ததில்லை என்று வந்தது. 30க்கும் 40க்கும் நடுவில் இவ்வளவு இருக்கிறது பாருங்கள். உங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன் நடக்கவில்லை என்றால் 100 கொடுக்கிறவரிடம் சண்டை போட ஒன்றுமில்லை.

காதுச் சத்தத்தை மட்டும் அடுத்த டோஸுக்கு முன்னால் கட்டாயம் சொல்லுங்கள். சிஸ்பிளாட்டின் உள்காதின் நுண்ணிய செல்களை அழிக்கும், போன காது திரும்பாது. ஆடியோகிராம் (காது கேட்கும் பரிசோதனை) எடுத்துப் பார்த்துவிட்டு மருந்தை மாற்றுவார்கள். சிஸ்பிளாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டோசிடாக்சலை வாரம் சிறு அளவில் கதிரோடு கொடுத்த ஆய்வும் டாடாவுடையதுதான், 2023இல் வந்தது. வெறும் கதிர் பெற்றவர்களில் 2 ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 41.7 சதவீதம், டோசிடாக்சல் சேர்த்தவர்களில் 50.8. ஆகவே சிஸ்பிளாட்டின் இல்லை என்றால் வழியே இல்லை என்று ஆகிவிடாது.

ஒரு கேள்வி, கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். அப்பா பீடியை விட்டுவிட்டாரா?

ஓசூர் ஷிப்ட்

"குறைத்துவிட்டேன்" என்கிறார். சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்கிறது.

கதிர்ப்பிரிவு

அப்படியானால் காதை விட அதுதான் பெரிய பிரச்சினை. 1993இல் கனடாவில் பார்த்தார்கள். தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர் வைத்துக்கொண்டிருக்கும்போதே புகைத்தவர்களில் கட்டி முழுசாக மறைந்தது 45 சதவீதம் பேருக்கு. விட்டவர்களில் 74 சதவீதம். கீமோ சேர்த்துக் கிடைக்கிற லாபம் இந்தப் புற்றில் 5 ஆண்டுக் கணக்கில் ஆறரை சதவீதம்தான். 70 வயதைத் தாண்டினால் அதுவும் தேய்ந்துவிடும். அப்பாவிடம் இந்த இரண்டு எண்ணையும் காட்டுங்கள்.

எண்கணக்கு

இது நியாயமான கணக்கு. பீடியை விட்டவர்கள் மற்ற விஷயத்திலும் ஒழுங்காக இருந்திருப்பார்கள், அந்த 29 சதவீதமும் பீடிக்கே சொந்தம் இல்லை. ஆனாலும் தீப்பெட்டியைப் பிடுங்குங்கள்.

ஓசூர் ஷிப்ட்

சிரிப்பு வருகிற விஷயம் ஒன்று. கதிர் ஆரம்பிக்கும் முன் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். ஆடின பற்களை எடுத்துவிட்டு, மீதிப் பற்களுக்கு ஃப்ளோரைடு ஜெல் எழுதிக்கொடுத்தார். அப்பாவின் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். போர் தண்ணீர் குடித்துப் பல்லெல்லாம் பழுப்பு. "ஒகேனக்கல் தண்ணீர் கொண்டுவந்ததே ஃப்ளோரைடை ஒழிக்கத்தான், இப்போது காசு கொடுத்துப் பூசிக்கொள்வதா" என்று அவர் ஒரே ரகளை.

கதிர்ப்பிரிவு

பூசிக்கொள்ளச் சொல்லுங்கள்! கதிர் பட்டால் எச்சில் வற்றும், எச்சில் வற்றினால் பல் மளமளவென்று சொத்தையாகும். அப்புறம் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாது. அதனால்தான் பிடுங்க வேண்டியதை முன்னாலேயே பிடுங்குகிறார்கள். குடிநீரில் வருடக்கணக்காக உள்ளே போகிற ஃப்ளோரைடு வேறு, பல் மேல் தடவித் துப்புவது வேறு.

பரிசல்துறை

சரி, கரண்ட்டை நிறுத்த வேண்டாம். கூடவே சத்துக்கு ஏதாவது மூலிகைப் பொடி, வைட்டமின் மாத்திரை கொடுக்கலாமா? அதில் என்ன கெடுதல் வந்துவிடப்போகிறது?

கதிர்ப்பிரிவு

அண்ணா, வரும். கதிர் செல்லைக் கொல்வதில் பாதிக்கு மேல் அது உண்டாக்குகிற ஆக்சிஜன் வகைத் துகள்கள் மூலம்தான். ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை அதையே துடைத்து எடுக்கிற பொருள். கனடாவில் கதிர் பெற்றுக்கொண்டிருந்த தலை, கழுத்து நோயாளிகளுக்கு வைட்டமின் ஈ அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை எடுத்த பக்கம்தான் இறப்பு கூடுதல். சாப்பாட்டில் வருகிற கீரை, பழம், நெல்லிக்காய் பற்றி இல்லை இது. பொடி, லேகியம், மாத்திரை எதுவாக இருந்தாலும் டப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். சிலவற்றில் உலோகம் இருக்கும், சிஸ்பிளாட்டின் ஓடுகிற கிட்னிக்கு அது இன்னொரு சுமை.

வாசகன் (கிருஷ்ணகிரி)

கேள்வி இல்லை, ஒரு கதை. சிஸ்பிளாட்டின் புற்றுநோய் மருந்தைத் தேடிக் கண்டுபிடித்தது இல்லை. 1965இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்பவர் பாக்டீரியாவுக்குள் மின்சாரம் பாய்ச்சி என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாக்டீரியா பிளவுபடுவதை நிறுத்திவிட்டு நீளமாக வளர ஆரம்பித்தது. மின்சாரம்தான் காரணம் என்று முதலில் நினைத்து, பிறகு தோண்டிப் பார்த்தால் பிளாட்டினக் கம்பி கரைந்து வந்த பொருளின் வேலை. 1978இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது.

கீமோவும் கதிரும் சேர்ந்த கதையும் அப்படித்தான். டெட்ராய்ட்டில் நார்மன் நைக்ரோ என்ற அறுவை மருத்துவர், மலவாய்ப் புற்றுக்கு ஆபரேஷனைச் சுலபமாக்கலாம் என்று முன்னால் 5-எஃப்யூ, மைட்டோமைசின், கொஞ்சம் கதிர் கொடுத்தார். வெட்டி எடுத்த இடத்தில் பார்த்தால் புற்றே இல்லை. 1974இல் அதை எழுதினார். அதற்கு முன் அந்த நோய்க்கு ஆசன வாயையே எடுத்துவிட்டு வயிற்றில் பை வைப்பார்கள், வாழ்நாள் முழுக்க. இன்றைக்குப் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பை தேவைப்படுவதில்லை.

எண்கணக்கு

மாந்தோப்பின் சித்தியைக் கொஞ்சம் காப்பாற்றுகிறேன். "முதலில் கீமோ, பிறகு கரண்ட்" என்பதற்கு ஆதரவாக ஓர் ஆய்வு 2024இல் வந்திருக்கிறது, தேடினேன். இன்டர்லேஸ் என்று பெயர், 500 பெண்கள். 6 வாரம் கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் முதலில். அப்புறம் வழக்கமான கூட்டு வைத்தியம். 5 ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் 72 சதவீதத்திலிருந்து 80 ஆனது. சித்தி சொன்னது சரிதானே?

கதிர்ப்பிரிவு

சார், ஆய்வு உண்மை, எங்கள் டாக்டர்களும் அதைப் பேசுகிறார்கள். ஆனால் சித்தி சொன்னது அது இல்லை. அந்த ஆய்வில் 6 வாரக் கீமோ முடிந்த அடுத்த வாரமே கதிர் ஆரம்பம், அந்தக் கதிரோடு சிஸ்பிளாட்டினும் உண்டு. எதையும் பிரிக்கவில்லை, முன்னால் ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். கடுமையான பக்க விளைவு 48 சதவீதத்திலிருந்து 59க்குப் போனது. 44 கிலோ, ஹீமோகுளோபின் 9 இருக்கிற அம்மாவுக்கு அது பொருந்துமா என்பதை டாக்டரிடம் ஒரு கேள்வியாகக் கேட்கலாம், அவ்வளவுதான்.

"உடம்பு தேறின பிறகு கரண்ட்" என்பதில்தான் ஆபத்து. இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், ஏனென்றால் மருந்தின் பெயரை விட முக்கியமானது இது என்பது என் கருத்து.

தோட்டத்தில் கோரையை வெட்டிவிட்டு இரண்டு வாரம் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று மாந்தோப்புக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடிபட்ட கட்டியில் மிஞ்சிய செல்கள் முன்பை விட வேகமாகப் பெருகும். அதனால்தான் கருப்பை வாய்ப் புற்றில் வெளிக்கதிர், உள்கதிர் எல்லாம் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிக்கப் பார்க்கிறோம். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் நோய்க் கட்டுப்பாடு அரை முதல் ஒரு சதவீதம் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் வந்த கணக்கு. தலை, கழுத்தில் இன்னும் கூடுதல். ஒரு வாரம் விடுபட்டால், கீமோவைச் சேர்த்துச் சம்பாதித்த 6, 8 சதவீதம் அப்படியே கரைந்துபோகும். ரத்த அணு குறைந்ததால் ஒரு வாரக் கீமோவைத் தள்ளிப்போட்டால் நாங்கள் பதறமாட்டோம். கதிர் விடுபட்டால் பதறுவோம்.

எங்கள் பகுதி ஆட்கள் எதற்கெல்லாம் விடுகிறார்கள் தெரியுமா? மாரியம்மன் பண்டிகை. பங்காளி வீட்டுக் கல்யாணம். மாங்காய் சீசன். "கொஞ்சம் சரியாகிவிட்டது, ரத்தப்போக்கு நின்றுவிட்டது" என்ற தைரியம். கடைசிக் காரணம்தான் மோசம். ரத்தப்போக்கு சில வாரத்தில் நிற்கும், கட்டி அப்போது செத்திருக்காது. வெளிக்கதிர் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டு, உள்கதிருக்குப் பயந்து வராமலே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. உள்கதிர் இல்லாமல் இந்த வைத்தியம் பாதிதான். இரிடியம் என்ற கதிர் மூலத்தைக் கட்டிக்குப் பக்கத்திலேயே சில நிமிடம் வைத்து எடுப்பார்கள். வெளியிலிருந்து அவ்வளவு அளவை அங்கே அனுப்பினால் சிறுநீர்ப் பையும் மலக்குடலும் வெந்துவிடும்.

இயந்திரம் பழுதானால் அது உங்கள் குற்றம் இல்லை. சனிக்கிழமை வைத்தோ, ஒரே நாளில் 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை வைத்தோ ஈடுகட்ட வழி இருக்கிறது. கேளுங்கள். "பழைய கோபால்ட் மெஷின், வேண்டாம்" என்று காத்திருக்கவும் வேண்டாம். கோபால்ட்டின் வீரியம் ஐந்தேகால் வருடத்தில் பாதியாகும், அதனால் மேசையில் படுத்திருக்கும் நேரம் கூடும். கணக்கிட்டுக் கொடுக்கிற அளவு குறையாது. புது இயந்திரத்தில் பக்கத்து உறுப்புக்குப் படுவது குறைவு, அது உண்மை. அதற்காக 2 மாதம் வரிசையில் நிற்பது நஷ்டம்.

இந்தக் காரணத்தால்தான் தினம் 100 கிலோமீட்டர் போய்வருவதை நான் ஆதரிக்கமாட்டேன். சேலம் போகிற வழியில் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் உங்கள் நேரம் போச்சு. பெங்களூர்ப் பக்கம் வந்தால் அத்திப்பள்ளி நெரிசல். பேதியும் சோர்வுமாக இருக்கிறவரைப் பேருந்தில் உட்கார வைத்து, சிறுநீரையும் அடக்கச் சொல்வது கொடுமை. எந்த ஊராக இருந்தாலும் பக்கத்தில் தங்குங்கள்.

அரூர்க்காரி

நான் சேலத்தில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத்தான் இருந்தேன். துணைக்கு நாத்தனார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கதிர், கீமோ இரண்டுமே வரும். வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம். அட்டை எடுக்கவில்லை என்றால் கலெக்டர் ஆபீஸில் அதற்கென்று கவுன்டர் இருக்கிறது, இன்றைக்கே போங்கள். பெங்களூர் என்றால் நீங்கள் பார்க்கிற ஆஸ்பத்திரியில் நம் அட்டை செல்லுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பாதி வழியில் தெரிந்தால்தான் எல்லாம் நின்றுபோகும்.

ரயிலில் போகிறவர்களுக்கு: புற்றுநோயாளிக்கு வைத்தியத்துக்குப் போய்வரத் தூங்கும் வகுப்பில் கட்டணம் கிடையாது, கூட வருகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் படிவம் வாங்கிக் கையெழுத்து வேண்டும். தருமபுரி, ஓசூர்க்காரர்களுக்கு உதவும். கிருஷ்ணகிரிக்காரர்கள் முதலில் ரயில் விடச் சொல்லிக் கேளுங்கள்!

மட்டுறுத்துநர்

மூன்று பேர் தங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பெயரோடும் ஆஸ்பத்திரி எண்ணோடும் இங்கே போட்டிருந்தார்கள், நீக்கிவிட்டேன். ரிப்போர்ட்டைப் படித்து "இந்த டோஸ் சரியா" என்று சொல்ல இங்கே யாரும் இல்லை. ஒரு குறிப்பிட்ட மருத்துவமனையைத் திட்டிய பதிவும் நீக்கப்பட்டது. விவாதம் தொடரலாம்.

மாந்தோப்பு

எல்லோருக்கும் நன்றி. சேலம் என்று முடிவு. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் 0.8, கிட்னி ஸ்கேனில் வீக்கம் இல்லை. ரத்தம் ஏற்றிவிட்டார்கள், திங்கட்கிழமை ஆரம்பம். இன்டர்லேஸ் பற்றிக் கேட்டேன். "எடையும் ரத்தமும் இப்படி இருக்கும்போது வேண்டாம், நேராகக் கூட்டு வைத்தியத்துக்கே போவோம்" என்றார் டாக்டர். கேள்வி கேட்டதற்குக் கோபிக்கவில்லை, அதுவே ஆச்சரியம். பெரியப்பாவுக்கு 69, 76 கணக்கைக் காட்டினேன், "வாத்தியாரே ஒத்துக்கொண்டாரா" என்று கேட்டுவிட்டு அமைதியாகிவிட்டார். அண்ணியை அரூர் அக்கா எழுதியதைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே சந்தேகம். நடுவில் பொங்கல் வருகிறது. வரிசையாக விடுமுறை. அந்த நாட்கள் விடுபடுமே?

ஓசூர் ஷிப்ட்

அப்பாவுக்கு ஆடியோகிராம் எடுத்தார்கள். உயர்ந்த ஒலியில் கொஞ்சம் போயிருக்கிறது. அடுத்த டோஸிலிருந்து மாற்றுகிறார்களாம். தீப்பெட்டி இப்போது என்னிடம்.

கதிர்ப்பிரிவு

மாந்தோப்பு, பொங்கலுக்கு முந்தின வாரமே கேட்டுவிடுங்கள். எங்கள் இடத்தில் தொடர் விடுமுறை வந்தால் நடுவில் ஒரு நாளாவது இயந்திரத்தை ஓட்டுவோம், அல்லது அந்தச் சனிக்கிழமை சேர்த்துக்கொள்வோம். அங்கேயும் பட்டியல் போட்டிருப்பார்கள். அம்மாவின் பெயர் அதில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கீமோ நாள் விடுமுறையில் விழுந்தால் ஒரு நாள் முன்னே பின்னே மாற்றிக்கொள்வார்கள், ஆனால் கதிர் வைக்கிற நாளாகப் பார்த்துத்தான் போடுவார்கள். கீமோவுக்கு முந்தின நாள் ரத்தப் பரிசோதனை இருக்கும், லேப் விடுமுறையா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அதில்தான் பல பேருக்கு ஒரு வாரம் நழுவுகிறது.